அது என்னுடைய மக்

போன ஆகஸ்ட் மாதம் அக்காவின் மகன் ரொறன்ரோவில் இருந்து வந்து மூன்று கிழமை எங்கள் வெள்ளவத்தை வீட்டில் நின்றான். வந்த அடுத்த நாள் விடிய, நித்திரை வராமல் எழும்பி, தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு பல்கனியில் இருந்தான். நான் எழும்பிப் போய்ப் பார்த்தால் அவன் கையில் என்னுடைய மக்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தவுடன் அவனுக்கு விளங்கிவிட்டது.

"சித்தி, இது உங்கட மக்கோ? தெரியாம எடுத்திட்டன்."

"பரவாயில்லையடா, நீ குடி."

எனக்கு வேறொரு மக்கில் ஊற்றிக்கொண்டேன். அதே தேயிலை, அதே அளவு சீனி. ஆனாலும் அன்று காலை தேத்தண்ணி குடித்த மாதிரியே இருக்கவில்லை.

அந்த மக்கில் விசேஷமாக ஒன்றும் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னர் புறக்கோட்டையில் ஒரு பீங்கான் கடையில், சட்டி வாங்கப்போன இடத்தில் எடுத்தது. வெள்ளை நிறம், விளிம்புக்குக் கீழே இரண்டு நீலக் கோடு. ஒரு கோடு இப்போது பாதி அழிந்துவிட்டது. உள்ளே, தேத்தண்ணி நிற்கும் மட்டத்தில் பழுப்பாக ஒரு வளையம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. காதுக்குப் பக்கத்தில் விளிம்பில் அரிசி அளவு துண்டு பெயர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் உதடு படாமல் குடிக்க என் கைக்குத் தெரியும், நான் யோசிக்கத் தேவையில்லை. வரவேற்பறை ஷோகேசில் தங்கக் கரை போட்ட ஆறு கப்பும் சோசரும் இருக்கின்றன, விருந்தாளிகளுக்கு. அவற்றில் ஒன்றை யாராவது உடைத்தால் கவலைப்படுவேன். இந்தக் காது தேய்ந்த மக் உடைந்தால் அழுதுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

இப்படி ஒரு மக் அநேகமாக எல்லாரிடமும் இருக்கிறது. இது வெறும் பிடிவாதம் இல்லை. பொருளியலிலும் உளவியலிலும் இதற்குப் பெயர் இருக்கிறது, ஆராய்ச்சி இருக்கிறது. அதைவிட, அந்த ஆராய்ச்சிகளில் மிகப் பிரபலமானவை நடந்ததே மக்கை வைத்துத்தான். புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் உடைமை விளைவு. ஒரு பொருள் நம்முடையது ஆனவுடனேயே, அந்த ஒரே காரணத்தினால், நம் கண்ணில் அதன் மதிப்பு கூடிவிடுகிறது என்பதுதான் இதன் சாரம். பொருள் மாறவில்லை. அது யாருடையது என்பது மட்டும் மாறியிருக்கிறது. ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1980 இல் இதற்குப் பெயர் வைத்தார். 2017 இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றவர் அவர்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. 1989 இல் ஜாக் நெட்ச் என்ற ஆய்வாளர் கனடாவில் மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதல் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மக் கொடுத்தார். இரண்டாவது கூட்டத்துக்கு ஆளுக்கொரு பெரிய சொக்லேட். கொஞ்ச நேரம் ஒரு கேள்விக்கொத்தை நிரப்ப வைத்துவிட்டு, விருப்பமென்றால் மக்கைக் கொடுத்து சொக்லேட்டை எடுக்கலாம், சொக்லேட்டைக் கொடுத்து மக்கை எடுக்கலாம் என்றார். மூன்றாவது கூட்டத்துக்கு முன்கூட்டியே எதையும் கொடுக்கவில்லை. இரண்டில் எது வேண்டும் என்று நேரே கேட்டார்.

மூன்றாவது கூட்டத்தில் 56 சதவீதம் பேர் மக்கைக் கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. அப்படியென்றால் மக் கிடைத்த முதல் கூட்டத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு சொக்லேட்தானே பிடித்திருக்க வேண்டும், அவர்கள் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது என்ன? 89 சதவீதம் பேர் மக்கை வைத்துக்கொண்டார்கள். சொக்லேட் கிடைத்தவர்களில் 90 சதவீதம் பேர் சொக்லேட்டை வைத்துக்கொண்டார்கள். எது முதலில் கையில் வந்ததோ அதுவே பிடித்துப்போயிற்று.

அடுத்த வருஷம், 1990 இல், நெட்சும் தேலரும் உளவியலாளர் டானியல் கானமனும் சேர்ந்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 44 மாணவர்கள். அவர்களில் 22 பேருக்குப் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட மக் கிடைத்தது. பல்கலைக்கழகக் கடையில் அதன் விலை 6 டொலர். மக் வைத்திருப்பவர்கள் எவ்வளவு தந்தால் விற்பார்கள், மக் இல்லாதவர்கள் எவ்வளவு கொடுத்து வாங்குவார்கள் என்று எழுதித்தரச் சொன்னார்கள். இரண்டும் பொருந்துகிற இடத்தில் மக் கைமாறும்.

மக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு பங்கிட்டதால், அதை அவ்வளவாக விரும்பாதவர்கள் கையிலும் பாதி மக்குகள் போயிருக்கும். ஆகவே 22 இல் சுமார் 11 மக் கைமாற வேண்டும் என்பது சாதாரணக் கணக்கு. நான்கு தடவை சந்தை நடத்தினார்கள். முதல் தடவை 4 மக், பிறகு 1, பிறகு 2, பிறகு 2. அவ்வளவுதான் கைமாறியது. விற்கிறவர்கள் கேட்ட விலைகளை வரிசையாக வைத்தால் நடுவில் வருவது 5.25 டொலர். வாங்குகிறவர்களின் நடுவிலை 2.25 க்கும் 2.75 க்கும் இடையில் நின்றது. அதாவது விற்கிறவர் கேட்டது வாங்குகிறவர் கொடுக்க நினைத்ததில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த மக்குகள் அவர்களிடம் வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன.

வாங்குகிறவர்களுக்குப் பொக்கெட்டில் இருந்து காசு எடுக்க மனம் வரவில்லை, அதுதான் காரணம் என்று யாராவது சொல்லலாம். அதையும் பார்த்தார்கள். இன்னொரு கூட்டத்திடம், "மக்கைத் தரட்டுமா, காசைத் தரட்டுமா, எவ்வளவு காசு தந்தால் மக்கை விட்டுவிட்டுக் காசை எடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். இவர்கள் தம்முடைய காசைச் செலவழிக்கப் போவதில்லை. ஆனாலும் இவர்கள் மக்குக்குச் சொன்ன மதிப்பு சுமார் 3 டொலர், வாங்குகிறவர்கள் சொன்னதற்குக் கிட்ட. மக்கைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் கேட்டது சுமார் 7 டொலர். காசு போவதால் வந்த வித்தியாசம் இல்லை இது. மக் போவதால் வந்தது.

ஏன் இப்படி? இந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம், இழப்பு வலிக்கும் அளவுக்கு லாபம் இனிப்பதில்லை என்பது. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் இருந்து இறங்கும்போது 1,000 ரூபாய்த் தாள் ஒன்று தொலைந்துவிட்டது என்று வையுங்கள். இரவு படுக்கும்வரை அது அரிக்கும். இன்னொரு நாள் பழைய கைப்பையில் மறந்துபோன 1,000 ரூபாய் கிடைக்கிறது. சந்தோஷம்தான், ஆனால் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் மறந்துவிடும். இரண்டும் அதே தாள். கானமனும் அவருடைய நண்பர் ஏமொஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் எழுதிய கட்டுரையில் இதைக் கோட்பாடாக்கினார்கள். மக்கை வாங்குகிறவருக்கு அது ஒரு லாபம், கொடுக்கிறவருக்கு அது ஒரு இழப்பு. கையில் இருந்து போகிற மக் கனக்கிறது.

சரி, இதுவரைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கும். எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. அந்த மாணவர்களுக்கும் அவர்களுடைய மக்குக்கும் இருந்த உறவு சில நிமிட உறவு. என்னுடையது பதினொரு வருஷம். ஒரு பொருள் எப்படி நம்முடையது ஆகத் தொடங்குகிறது என்பதை உடைமை விளைவு சொல்கிறது. அதன் பிறகு அது எப்படி நம்மோடு ஒட்டிப்போகிறது என்பதற்கு வேறு இடத்தில் தேட வேண்டும். பொருளியலாளர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டும் வேறு என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கை. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏலத்துக்கு முன்னர் சிலரை மக்கை 10 விநாடி கையில் வைத்துப் பார்க்க விட்டார்கள், சிலரை 30 விநாடி. கூட நேரம் பிடித்திருந்தவர்கள் அதை வாங்கக் கூடிய விலை கொடுக்க முன்வந்தார்கள். அது அவர்களுக்குச் சொந்தமாகக்கூட இருக்கவில்லை. தொட்டாலே பாதிச் சொந்தம் வந்துவிடுகிறது. கடைக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். வெள்ளவத்தைச் சேலைக் கடையில் ஏன் சேலையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டுகிறார்கள்? 2003 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகம், பண்டிகைக் காலத்தில் கடைகளில் பொருட்களைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனமாக இருங்கள் என்று மக்களுக்கு எச்சரிக்கையே விடுத்தது.

முப்பது விநாடிக்கு அவ்வளவு என்றால், நாளுக்கு மூன்று தேத்தண்ணி என்று பதினொரு வருஷத்துக்கு எவ்வளவு? கணக்குப் போட்டால் பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் அந்த மக்கைத் தூக்கியிருக்கிறேன். இரண்டு விரல் காதுக்குள், பெருவிரல் மேலே, சின்ன விரல் அடிப்பக்கத்தில். எவ்வளவு பாரத்தில் பாதி முடிந்தது, எந்தச் சூட்டில் வாய் வைக்கலாம் என்பதெல்லாம் கைக்கு மனப்பாடம். அன்று காலை வேறு மக்கில் குடித்தபோது இரண்டு தடவை சுட்டுக்கொண்டேன். அந்த மக்கின் சுவர் மெல்லியது.

பெறாமகன் என் மக்கைப் பிடித்திருந்தது வேறு விதம். காதைத் தொடவே இல்லை, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான். கனடாக் குளிரில் பழகியது என்று நினைக்கிறேன்.

சுவையும் ஓரளவுக்குப் பாத்திரத்தைப் பொறுத்ததுதான். 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கோப்பியை வெள்ளை, நீலம், கண்ணாடி என்று மூன்று விதமான மக்குகளில் கொடுத்தபோது, குடித்தவர்கள் சொன்ன சுவை ஒன்றாக இருக்கவில்லை. ஆகவே வேறு மக்கில் தேத்தண்ணி சரியில்லை என்று யாராவது சொன்னால் அவர்களை நம்புங்கள்.

கைக்குப் பிறகு, நினைவு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. காஸ் இல்லை, பால்மா இல்லை. அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து ஒரு சாயத் தேத்தண்ணியை இரண்டாகப் பிரித்து ஊற்றுவா. அவவுடைய சில்வர் பேணியில் பாதி, என் மக்கில் பாதி. விசிறி ஓடாத இருட்டில் பல்கனிக் கதவைத் திறந்துவைத்து, கடல் பக்கக் காற்றுக்கு இருந்து குடிப்போம். பேச்சு அதிகம் இருக்காது. பேணியை நிலத்தில் வைக்கும் சத்தத்தில்தான் அம்மா குடித்து முடித்தது தெரியும். அம்மா போய் இப்போது இரண்டு வருஷம். அந்தப் பேணி அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அதில் யாரும் குடிப்பதில்லை. மக்கில் நான் குடிக்கிறேன்.

இதே மாதிரி இன்னொரு மக் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி, அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2008 இல் புரூஸ் ஹூட், போல் புளூம் என்ற இருவர் மூன்று முதல் ஆறு வயதுவரையான பிள்ளைகளுக்கு ஒரு "நகல் எடுக்கும் பெட்டி"யைக் காட்டினார்கள். எந்தப் பொருளை வைத்தாலும் அச்சொட்டாக இன்னொன்று வரும் என்று பிள்ளைகள் நம்பினார்கள். சாதாரண விளையாட்டுப் பொருள் என்றால் நகலை எடுத்துப் போகவும் பிள்ளைகள் தயார். ஆனால் தினமும் கட்டிப்பிடித்துப் படுக்கும் பொம்மையையோ போர்வையையோ வைக்கச் சொன்னபோது சில பிள்ளைகள் அதைப் பெட்டிக்குள் விடவே மறுத்தார்கள். வைத்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் தங்கள் பழையதைத்தான் திருப்பிக் கேட்டார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றுதான் தன்னோடு படுத்தது என்பது பிள்ளைக்குத் தெரியும். எங்களுக்குள்ளும் அந்தப் பிள்ளை இருக்கிறது.

இனி எங்கள் ஆட்களின் கதைக்கு வருகிறேன். "என்னுடைய பாத்திரம்" என்ற எண்ணம் எங்களிடையே எப்போதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அம்மம்மா வீட்டில், சங்கானையில், ஒரு மூக்குப்பேணி இருந்தது. பித்தளையில் செய்து, பக்கத்தில் மூக்கு மாதிரி ஒரு குழாய் வைத்தது. அண்ணாந்து அந்த மூக்கு வழியாக வாய்க்குள் ஊற்ற வேண்டும், உதடு படக்கூடாது. உதடு படாததால் எச்சில் இல்லை. எச்சில் இல்லாததால் ஒரே பேணியில் வீட்டார், விருந்தாளி எல்லாரும் குடிக்கலாம். அண்ணாந்து குடிக்கும் பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் தேவையில்லை. மக் அப்படி இல்லை, வாய் வைத்துக் குடிப்பது. அதனாலேயே அதில் ஒரு தனிமை வந்துவிடுகிறது. இன்னொருவர் என் மக்கில் குடித்தால் வரும் கூச்சத்தில் கொஞ்சம் உடைமை விளைவு, கொஞ்சம் எச்சில்.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு வேறு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1960களில் அவர்கள் அதற்கு எதிராகப் போராடினார்கள். அது முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் இன்றும் சில வீடுகளில் சிங்க்குக்குக் கீழே தனியாக ஒரு கப் இருக்கும். மலையகத்தில் இருந்து வேலைக்கு வந்த பெண்ணுக்கென்று ஒதுக்கியது. அவளுக்கும் அது "அவளுடைய கப்"தான். ஆனால் அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேறு எதையும் எடுக்கவும் அவளுக்கு விடப்படவில்லை. நான் பேசும் ஒட்டுதல் விரும்பி எடுத்ததில் வருவது. தள்ளிவைத்ததை அதோடு சேர்க்க முடியாது.

உடைமை விளைவு எல்லாருக்கும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஜோன் லிஸ்ட் என்ற பொருளியலாளர் விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகள் விற்கும் சந்தைகளுக்குப் போய் ஆய்வு செய்தார். நீண்ட காலம் வியாபாரத்தில் ஊறியவர்களிடம் இந்த விளைவு அநேகமாகக் காணாமல் போயிருந்தது. புறக்கோட்டையில் எனக்கு மக் விற்றவரும் அப்படித்தான் இருந்திருப்பார். அவரைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மக் அடுக்கியிருந்தது, ஒன்றும் அவருடையது இல்லை, எல்லாம் விற்பதற்கு. ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் குடித்து வைத்த ஒரு கிளாஸ் இருந்தது, பிளேன்டீ அடியில் மண்டியோடு. அதை விலைக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பதுண்டு.

இன்னும் ஆச்சரியமானது தன்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களிடம் நடந்த ஆய்வு, 2014 இல் வெளியானது. சந்தையில் இருந்து தூரத்தில் வாழும் ஹட்சாக்களிடம் உடைமை விளைவு தென்படவில்லை. சுற்றுலாப் பயணிகளோடு விற்று வாங்கிப் பழகிய ஹட்சாக்களிடம் தென்பட்டது. அப்படியென்றால் இது எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே ஒரே மாதிரி வருவதில்லை. எப்படி வாழ்கிறோம் என்பதும் இதைத் தீர்மானிக்கிறது. லிஸ்ட் சொன்னதற்கு இது நேர்மாறாகத் தெரியும். சந்தை ஓர் இடத்தில் இந்த விளைவை அழிக்கிறது, இன்னோர் இடத்தில் வரவைக்கிறது. அடிப்படையையே கேள்வி கேட்டவர்களும் இருக்கிறார்கள். சார்ல்ஸ் பிளொட், கேத்ரின் ஸைலர் இருவரும் 2005 இல், பங்குபற்றுகிறவர்களுக்கு விலை சொல்லும் முறையை நன்றாகப் பழக்கிவிட்டு அதே மக் பரிசோதனையைச் செய்தார்கள், விற்பனை விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி போய்விட்டது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இதைத் தெரிந்து என்ன செய்வது? காசு விஷயத்தில் இது உதவும். பழைய முச்சக்கரவண்டியையோ காணியையோ விற்கும்போது மற்றவர்கள் ஏன் இவ்வளவு குறைத்துக் கேட்கிறார்கள் என்று கோபம் வரும். அப்போது, இது என்னுடையதாக இல்லாவிட்டால் நான் எவ்வளவு கொடுத்து வாங்குவேன் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மக் விஷயத்தில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது தன் மக்கைத் தேடினால் எடுத்துக் கொடுங்கள், அதுபோதும்.

பெறாமகன் முதல் நாளுக்குப் பிறகு என் மக்கைத் தொடவில்லை. தட்டின் பின்பக்கத்தில் கிடந்த மஞ்சள் மக் ஒன்றை எடுத்துக்கொண்டான். ஏதோ வங்கியில் கணக்குத் திறந்தபோது கொடுத்தது, நான் ஒரு நாளும் பாவித்ததில்லை. காலையும் மாலையும் அதில்தான் குடித்தான், கழுவி அவனே தனியாகக் கவிழ்த்து வைத்தான். வேலைக்காரப் பிள்ளை என்று யாரும் எங்கள் வீட்டில் இல்லாததால் பாத்திரம் அடுக்குவது நான்தான். மூன்றாவது கிழமை, அந்த மஞ்சள் மக்கை என்னை அறியாமலே என் மக்குக்குப் பக்கத்தில் வைக்கத் தொடங்கியிருந்தேன்.

போகிற நாள் இரவு பெட்டி அடுக்கும்போது குசினி வாசலில் வந்து நின்றான். மக் கையில் இருந்தது.

"சித்தி, இதை நான் கொண்டுபோகட்டே?"

வீட்டில் யாருக்கும் தேவைப்படாத மக். இருந்தும் உடனே ஓம் என்று வாய் வரவில்லை. பிறகு அதை அவனிடமிருந்து வாங்கி, ஈரத்தைத் துடைத்து, அவனுடைய ரீசேட் ஒன்றில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். காதுப் பக்கம் உடையாமல் இருக்க அதற்குள் ஒரு சோடிக் காலுறையும் வைத்தேன்.